பிழைப் பக்கத்தில் விளம்பரம் வைக்கும் முறை: வேலூர் வட்டாரத் தளங்களுக்கு

விடியற்காலையில் காட்பாடி சந்திப்பில் ஒரு வங்காளிக் குடும்பம் வந்து இறங்குகிறது. சென்ற ஆண்டு சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து போன உறவினர் ஒருவர், மருத்துவமனையைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளின் பட்டியலுக்கான இணைப்பை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நடைமேடையில் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி அதைத் தொட்டால், வெள்ளைத் திரையில் ‘404’ என்னும் எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் மட்டுமே வருகின்றன. சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு இத்தகைய ஊர்த் தகவல் தளங்கள் சிலவற்றைப் பராமரித்து வரும் எனக்கு, அந்த வெள்ளைத் திரையை நினைத்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை. அந்த இடத்தில் விளம்பரம் வைக்கலாமா என்று தள உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் முதலில் வழி தவறி வந்தவருக்கு உரியது. அவருக்கு வழி சொல்லி முடித்த பிறகு மிஞ்சும் இடமே விளம்பரத்துக்கு உரியது. கீழே சொல்லப்படும் முறைகள் எல்லாம் இந்த வரிசையைக் கைவிடாமல் எழுதப்பட்டவை.

முதலில் எந்தப் பிழைப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கேட்ட பக்கம் இல்லை என்றால் சர்வர் 404 என்னும் நிலைக் குறியீட்டை அனுப்புகிறது; இருந்த பக்கம் வேண்டுமென்றே நிரந்தரமாக நீக்கப்பட்டது என்றால் 410. இந்த இரண்டில் மட்டுமே விளம்பரத்துக்கு இடம் உண்டு. அனுமதி இல்லை என்னும் 403, சர்வரின் உள்ளேயே கோளாறு என்னும் 500, தற்காலிகமாகச் சேவை இல்லை என்னும் 503 ஆகியவற்றில் விளம்பரம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் மோதிச் சர்வர் திணறும்போது, பதறி நிற்கும் பிள்ளையின் கண்முன் நகைக்கடை விளம்பரத்தை நீட்டுவது தகாது. அந்தப் பக்கம் தரவுத்தளத்தை நாடாத, படம் ஏதும் இல்லாத, சில வரிகள் மட்டுமே கொண்ட நிலையான கோப்பாக இருக்க வேண்டும்; எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும் என்பதை அது சொன்னால் போதும். பணம் செலுத்துதல் தோல்வியடைந்த பக்கத்துக்கும் இதே விதி பொருந்தும்.

அடுத்து, பலரும் அறியாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தளங்களில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை 2018-ஆம் ஆண்டு முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்றுக்கொண்டதால், நம் வட்டாரத் தளங்கள் பலவற்றில் அதன் நிரல் துண்டு பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் வெளியீட்டாளரின் சொந்த உள்ளடக்கம் இல்லாத திரைகளிலும், அறிவிப்புக்காகவோ வழிகாட்டுதலுக்காகவோ மட்டும் இருக்கும் திரைகளிலும் தன் விளம்பரங்கள் வரக்கூடாது என்று அந்நிறுவனத்தின் கொள்கை கூறுகிறது. பிழைப் பக்கம் இந்த வரையறைக்குள் அடங்குகிறது. “நான் பிழைப் பக்கத்தில் விளம்பரமே வைக்கவில்லையே” என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். ஆனால் தானியங்கி விளம்பர முறையைத் தேர்ந்தெடுத்து, நிரல் துண்டைத் தீமின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுப்பின்) தலைப்பகுதிக் கோப்பில் ஒட்டியிருந்தால், அதே தலைப்பகுதி பிழைப் பக்கத்திலும் ஏறிவிடுவதால் விளம்பரமும் தானாக அங்கே வந்து நிற்கும். ஆட்சென்ஸ் அமைப்பில் குறிப்பிட்ட முகவரிகளை விலக்கி வைக்கும் வசதி இருக்கிறது என்றாலும், அது இங்கே பயன்படாது. இல்லாத பக்கத்தின் முகவரி எதுவாகவும் இருக்கலாம் என்பதால் எதையென்று விலக்குவது? ஆகையால் நிரல் துண்டை அச்சிடும் இடத்திலேயே ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளமாக இருந்தால் ‘இஸ் 404’ என்னும் சோதனை அதற்கென்றே இருக்கிறது. இப்போது காட்டப்படுவது பிழைப் பக்கமா என்று அதைக் கேட்டு, ஆம் என்றால் நிரல் துண்டை அச்சிடாமல் விட்டுவிட வேண்டும். விளம்பரம் செருகுவதற்கெனத் தனிச் செருகுநிரல் (பிளகின்) வைத்திருப்பவர்கள், பிழைப் பக்கத்துக்கான தேர்வுக் குறி நீக்கப்பட்டிருக்கிறதா என்று அதன் அமைப்புகளில் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய்க்காக முழுக் கணக்கையும் முடக்கத்துக்கு ஆளாக்குவது வீண். வேறு விளம்பர வலையமைப்பில் சேர்ந்திருப்பவர்கள் அதன் கொள்கையையும் ஒரு முறை இந்த நோக்கில் படித்துவிடுவது நல்லது.

ஆக, பிழைப் பக்கத்தில் வைக்கத் தக்கவை இரண்டே வகை. ஒன்று, உங்கள் தளத்தின் சொந்த அறிவிப்பு. மற்றொன்று, உள்ளூர் வணிகரிடம் நேரில் பேசிப் பெற்ற விளம்பரம். இவற்றை வைப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதுவே இந்த முயற்சியில் மிகப் பெரிய பகுதி.

உங்கள் தளத்தில் மனிதர்கள் ஏன் பிழைப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்பதைக் கண்டறியுங்கள். சர்வரின் அணுகல் பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் கேட்கப்பட்ட முகவரியும் நிலைக் குறியீடும் இருக்கும். 404 உள்ள வரிகளை மட்டும் பிரித்து, எந்த முகவரி எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். முதல் முறை பார்ப்பவர்கள் அதிர்ந்துபோவார்கள், ஏனெனில் அந்தப் பட்டியலின் மேற்பகுதி முழுவதும் மனிதர்கள் கேட்டவையாக இருக்காது. வேர்ட்பிரஸ் இல்லாத தளத்தில்கூட வேர்ட்பிரஸின் நுழைவுப் பக்கத்தையும், கடவுச்சொற்கள் வைக்கப்படும் கோப்புகளையும் தேடித் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். காணாமல் போன படங்களும் சின்னக் கோப்புகளும்கூட 404 என்றே பதிவாகும். அவற்றுக்குப் பின்னால் பிழைப் பக்கத்தை எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான எண்ணிக்கை. விளம்பரதாரரிடம் பேசும்போது இந்தக் கழித்த எண்ணிக்கையை மட்டுமே சொல்லுங்கள். கழிக்காத எண்ணிக்கையைச் சொல்லிக் காசு வாங்குவது ஏமாற்று. தேடலில் தம் தளத்தின் நிலையை உரிமையாளர்கள் பார்ப்பதற்கான கூகுள் சர்ச் கன்சோலில் ‘கிடைக்கவில்லை’ என்னும் தலைப்பின் கீழ் வரும் பட்டியல், தேடுபொறி எந்தெந்த முகவரிகளில் முட்டிக்கொண்டது என்பதைக் காட்டும். அதையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் பகுதித் தளங்களில் பிழைகள் பெருகுவதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதில் வேலூர்ப் பகுதி 2019-இல் மறுபடியும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. முதல் பிரிவினையின்போது இணையத் தளம் எவரிடமும் இல்லை. இரண்டாவது பிரிவினையின்போதோ, ‘வேலூர்’ என்ற அடைவின் (கோப்புறையின்) கீழ் ஆம்பூர் பிரியாணிக் கடைகளையும், வாணியம்பாடி தோல் தொழிற்கூடங்களையும், ஆற்காடு, வாலாஜாப்பேட்டை, அரக்கோணம் வணிகங்களையும் பட்டியலிட்டிருந்த தளங்கள் இருந்தன. பிரிவினைக்குப் பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் அடைவுக்குப் போயின. ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டை அடைவுக்குப் போயின. அடைவை மாற்றியவர்கள் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு வழி வைக்க மறந்தார்கள். இதற்குரிய மருந்து 301 என்னும் நிரந்தர வழிமாற்றம். பழைய முகவரிகளை ஒரு பத்தியிலும் அவற்றுக்குரிய புதிய முகவரிகளை அடுத்த பத்தியிலும் எழுதி, ஊர்வாரியாக வழிமாற்றம் எழுதிவிட்டால் ஒரே மாலையில் பாதிப் பிழைகள் மறைந்துவிடும். வேர்ட்பிரஸில் ஒரு பதிவின் முகவரிப் பெயரை மாற்றினால் பழைய பெயரை அதுவே நினைவில் வைத்து வழிமாற்றிவிடும். ஆனால் ‘பக்கம்’ என்ற வகைக்கு அது அப்படிச் செய்வதில்லை என்பதைப் பலர் அறியார்.

இரண்டாவது காரணம் தமிழ் எழுத்தே. முகவரியில் தமிழ் எழுத்து வரும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரிகிறது. அதாவது உயிர்மெய்யின் மெய் ஒன்பது இடத்தையும், அதன் மேல் ஏறும் கொம்போ புள்ளியோ இன்னோர் ஒன்பது இடத்தையும் பிடிக்கும். ‘வேலூர்’ என்னும் சிறு சொல் 54 எழுத்தாகிறது. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 இடம் மட்டுமே ஒதுக்குகிறது. ‘வேலூர் கோட்டை அகழி படகு சவாரி’ என்று ஒரு செய்திக்குத் தலைப்பிட்டால், இடைக்கோடுகளையும் சேர்த்து ‘படகு’ வரையிலேயே 183 இடம் தீர்ந்துவிடும். ‘சவாரி’ என்னும் சொல் ‘ச’ என்ற ஓரெழுத்தோடு அறுந்துபோகும். இப்படி அறுந்து, பார்க்கவும் படிக்கவும் முடியாத நீளத்தில் இருக்கும் முகவரியைக் கையால் நகலெடுத்து ஒட்டுகிறவர் கடைசிப் பகுதியைத் தவறவிட்டால் வியப்பில்லை. அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு: ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கு இரண்டும் வேறு. ஆகவே வரும் முகவரியை யூனிக்கோடு இயல்பாக்கம் செய்த, அதாவது இப்படி இரு விதமாகத் தட்டியதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே பக்கத்தைத் தேடும்படி நிரல் எழுதச் சொல்லுங்கள். என் விருப்பம், உள்ளடக்கம் முழுவதும் தமிழில் இருந்தாலும் முகவரிப் பெயரை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொற்களுக்குள் வைத்துக்கொள்வதே.

மூன்றாவது, அச்சில் ஏறிவிட்ட முகவரிகள். விடுதி வரவேற்பறையில் ஒட்டப்பட்ட தாள், ஆட்டோவின் பின்புறச் சுவரொட்டி, விசிட்டிங் கார்டு, கடைக் கண்ணாடியில் ஒட்டிய கியூஆர் குறி ஆகியவற்றைத் தேடிப்போய்த் திருத்த முடியாது. அவற்றுக்கான வழிமாற்றத்தை என்றைக்கும் நீக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தால் பிழைப் பக்கத்துக்கு வருவோர் குறைந்துவிடுவார்களே, பிறகு விளம்பரத்தை யார் பார்ப்பார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். விளம்பர வருமானத்துக்காக உடைந்த இணைப்புகளைத் திருத்தாமல் வைத்திருப்பது, தடுக்கி விழுகிறவர்களுக்குக் களிம்பு விற்பதற்காகத் தெருவில் பள்ளத்தை மூடாமல் விடுவதற்கு ஒப்பாகும். எவ்வளவு திருத்தினாலும் தட்டச்சுப் பிழையாலும், மூடப்பட்ட கடைகளாலும், பிறர் தளங்களில் உள்ள தவறான இணைப்புகளாலும் ஒரு பகுதி மனிதர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அவர்களுக்கான பக்கத்தையே இப்போது அமைக்கப் போகிறோம்.

அமைக்கும்போது முதல் கவனம் நிலைக் குறியீட்டில் இருக்க வேண்டும். பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது 404 என்னும் குறியீட்டோடுதான் போக வேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்று திரையில் எழுதிவிட்டு 200 என்னும் வெற்றிக் குறியீட்டை அனுப்பினால், தேடுபொறி அதைப் போலிப் பக்கமாகக் கருதி ‘சாஃப்ட் 404’ என்று குறித்து வைக்கும். அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளில், எச்டிஆக்சஸ் என்னும் அமைப்புக் கோப்பில் ‘எர்ரர் டாக்குமெண்ட்’ என்னும் கட்டளையால் பிழைப் பக்கத்தைக் குறிப்பிடுகிறோம். அங்கே சாய்கோட்டில் தொடங்கும் உள் முகவரியைத் தர வேண்டும். தளத்தின் பெயரோடு முழு முகவரியைத் தந்துவிட்டால், அப்பாச்சி 404 அனுப்பாமல் வழிமாற்றக் குறியீட்டை அனுப்பிவிடும். மற்றொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் ‘எர்ரர் பேஜ்’ கட்டளையில் எண்ணுக்குப் பின் சமக்குறி ஒன்றைச் சேர்த்துவிட்டால், 404-க்குப் பதிலாக, பிழைப் பக்கத்தை உருவாக்கும் நிரல் தரும் குறியீடே அனுப்பப்பட்டுவிடும். அந்த நிரல் 200 தந்தால் 200 தான். வேர்ட்பிரஸில் தீமின் 404 கோப்பைத் திருத்தினால் குறியீடு தானாகச் சரியாக அமையும். இல்லாத எல்லா முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் செருகுநிரல்கள் சில உள்ளன, அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். விடுதியைத் தேடி வந்தவர் முகப்பில் நின்றுகொண்டு, தான் கேட்டது எங்கே போயிற்று என்றே அறியாமல் திகைப்பார்.

காணாமல் போன படங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் இந்த முழுப் பக்கத்தையும் உருவாக்கி அனுப்ப வேண்டியதில்லை. அவற்றுக்கு வெறும் ஒரு வரி 404 போதும். தானியங்கி நிரல்கள் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் தரவுத்தளம் எழுந்து ஓடினால் குறைந்த கட்டண ஹோஸ்டிங் தாங்காது.

பக்கத்தின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில், நீங்கள் கேட்ட பக்கம் இங்கே இல்லை என்பதை ஒரே வாக்கியத்தில் எளிமையாகச் சொல்லுங்கள். மருத்துவத்துக்காக வருவோர் பெருமளவில் வங்காளமும் இந்தியும் பேசுகிறவர்கள் என்பதால், மருத்துவமனைப் பக்கத்துக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருப்பதைப் போலவே, அந்த ஒரு வாக்கியம் தமிழோடு ஆங்கிலம், வங்காளம், இந்தி ஆகியவற்றிலும் இருப்பது நல்லது. அடுத்து ஒரு தேடல் பெட்டி. அதன் கீழ், பதிவேட்டை எண்ணியபோது எவற்றை மனிதர்கள் அதிகம் தேடினார்கள் என்று கண்டீர்களோ அந்த நான்கைந்து பக்கங்களுக்கான இணைப்பு: தங்கும் விடுதிகள், காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பேருந்து, ஆட்டோ, ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகும் வழி, கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும். உடைந்த இணைப்பைத் தெரிவிக்க ஒரு பொத்தானும் இருக்கட்டும். விளம்பரம் இவற்றுக்கும் கீழேதான் வர வேண்டும்.

விளம்பரத்தின் மேல் ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதுங்கள். தேடல் பெட்டியைப் போலவோ ‘தொடர்க’ என்னும் பொத்தானைப் போலவோ தோற்றமளிக்கும் விளம்பரத்தை ஏற்காதீர்கள். குழம்பி நிற்கிறவரின் குழப்பத்தைக் காசாக்குவது அது. கைபேசிக்கு 300க்கு 250 பிக்சல் அளவுள்ள ஒரே ஒரு படம் போதும். படத்துக்கான இடத்தை முன்கூட்டியே அளவு குறித்து ஒதுக்கிவிட்டால், படம் தாமதமாக வரும்போது மேலே உள்ள இணைப்புகள் நகர்ந்து விரல் தவறிய இடத்தில் படாது. படம் உங்கள் சர்வரிலிருந்தே வரட்டும். வெளியார் நிரல் எதுவும் இந்தப் பக்கத்தில் வேண்டாம். இணைப்பில் ‘ஸ்பான்சர்ட்’ என்னும் குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். கட்டணம் பெற்ற இணைப்புகளுக்கென்று கூகுள் 2019-இல் அறிமுகப்படுத்திய குறிப்பு அது.

தவறாகத் தட்டியவரை விளம்பரத்தின் முன் நிறுத்துவது எவ்வளவு கசப்பை விளைவிக்கும் என்பதற்குப் பெரிய சான்று ஒன்று உண்டு. 2003 செப்டம்பர் 15 அன்று, டாட் காம், டாட் நெட் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், பதிவு செய்யப்படாத பெயரை எவர் தட்டினாலும் தன்னுடைய ‘சைட் ஃபைண்டர்’ என்னும் தேடல் பக்கத்துக்கு வரும்படி செய்தது. பெயர் இல்லை என்னும் பதிலை நம்பி இயங்கிய மின்னஞ்சல் வடிகட்டிகள் முதற்கொண்டு பலவும் தடுமாறின. எதிர்ப்பு வலுத்து, இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு வற்புறுத்தியதால் அக்டோபர் 4-ஆம் தேதி அது நிறுத்தப்பட்டது. இல்லை என்பதை இல்லை என்றே சொல்லிவிட்டு, பிறகு உதவியை நீட்டுவதே முறை.

இனி எந்த விளம்பரத்தைக் காட்டுவது? கேட்கப்பட்ட முகவரியிலேயே வந்தவரின் தேவை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். முகவரியைச் சாய்கோட்டிலும் இடைக்கோட்டிலும் பிரித்து, கிடைக்கும் சொற்களைச் சிறு அட்டவணை ஒன்றோடு ஒப்பிடுங்கள். ‘விடுதி’, ‘லாட்ஜ்’ இருந்தால் விடுதி விளம்பரம். ‘ஆரணி’, ‘பட்டு’ இருந்தால் ஆரணிப் பட்டு விற்கும் கடை. ‘குடியாத்தம்’, ‘லுங்கி’ இருந்தால் நெசவாளர் கடை. ‘காலணி’ இருந்தால் ஆம்பூர்க் காலணிக் கடை. எதுவும் பொருந்தாவிட்டால் உங்கள் தளத்தின் சொந்த அறிவிப்பு. இருபது முப்பது சொற்கள் கொண்ட அட்டவணையே போதுமானது. கேட்கப்பட்ட முகவரியைத் திரையில் காட்ட விரும்பினால், அதிலுள்ள குறிகளைச் செயலிழக்கச் செய்த பிறகே காட்ட வேண்டும். அப்படியே அச்சிட்டால் முகவரிக்குள் நிரலைப் புகுத்தி உங்கள் பக்கத்தில் ஓட்ட வழி திறந்துவிடும்.

ஒன்றில் மட்டும் இந்தப் பொருத்தத்தைச் செய்யாதீர்கள். முகவரியில் நோயின் பெயரோ மருத்துவப் பிரிவின் பெயரோ இருந்தால், அதை வைத்து எந்த விளம்பரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்; அந்தப் பக்கத்தை விளம்பரமே இல்லாமல் விட்டுவிடுங்கள். புற்றுநோய் பற்றிய பக்கத்தைத் தேடி வந்தவருக்கு ‘முழுக் குணம்’ என்று விளம்பரம் காட்டுவது கொடுமை மட்டுமல்ல. குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. இந்த ஊருக்கு வருகிறவர்களில் பலர் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதை நாம் தினமும் காண்கிறோம். விடுதி விளம்பரத்திலும் உண்மையான வாடகையும் மருத்துவமனையிலிருந்து உள்ள தொலைவும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கில் பேசாமல், மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எண்ணிக்கை சிறியது, அதைக் குறைக்கவே நீங்கள் உழைக்கிறீர்கள் என்பதை விளம்பரதாரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகப்பிலோ பட்டியல் பக்கத்திலோ விளம்பரம் தருகிறவருக்கு இந்த இடத்தையும் சேர்த்துத் தருவதே எளிது. தனியாக விற்க முயன்றால் அலைச்சல்தான் மிஞ்சும். இணையத்தில் விளம்பர இடம் விற்பதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. சேவை வழங்குவோரின் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்பதால், மற்ற வருமானத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, எஃப் 12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்துகொண்டு, உங்கள் தளத்தின் பெயருக்குப் பின் பொருளற்ற எழுத்துகளைத் தட்டுங்கள். முதல் வரியில் 404 என்று வர வேண்டும். பிறகு ‘லாட்ஜ்’ என்ற சொல் உள்ள ஒரு பொய் முகவரி, நோயின் பெயர் உள்ள ஒரு பொய் முகவரி, இல்லாத படத்தின் முகவரி ஆகிய மூன்றையும் தட்டி, முதலாவதில் விடுதி விளம்பரமும், இரண்டாவதில் விளம்பரமே இல்லாத பக்கமும், மூன்றாவதில் வெறும் ஒரு வரியும் வருகின்றனவா என்று பாருங்கள். ஆட்சென்ஸ் நிரல் துண்டு எந்தப் பிழைப் பக்கத்திலும் ஏறவில்லை என்பதைப் பக்கத்தின் மூல நிரலில் தேடி உறுதி செய்யுங்கள். கடைசியாக, விலை குறைந்த கைபேசி ஒன்றை எடுத்துக்கொண்டு காட்பாடி நடைமேடைக்குப் போய், ரயில் வந்து கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில் அதே பொய் முகவரியைத் திறந்து, தேடல் பெட்டி எவ்வளவு விரைவில் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். விளம்பரப் படம் அதற்குப் பின் வந்தால் போதும்.